மூடி பூட்டினால்தான் ஓடும்

அக்டோபர் 3, வியாழன்

சாந்தாமணியால் தேங்காய் துருவ முடியவில்லை. இன்று காலை ஏழே காலுக்கு நானே பார்த்தேன். வேறு ஆதாரம் தேவையில்லை.

துருவியின் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த தேங்காய் முறி இரண்டு முறை நழுவித் தரையில் உருண்டது. மூன்றாவது முறை உருண்டபோது நான் எடுத்துக் கொடுத்தேன்.

“கை மரத்துப் போச்சுங்க. தேய்மானமா இருக்கும். வயசாகுதல்ல” என்றாள்.

வயது ஐம்பத்தாறு.

இதில் ஓர் அவசரம் இருக்கிறது. மகள் கிருத்திகாவுக்கு நவம்பரில் ஏழாம் மாதம். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவள் தன் வீட்டு அடுப்பில் ஒற்றைப்படைக் கணக்கில் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். விருந்து முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவோம். சம்பந்தி வீடு உடுமலையில். ஏழு வகைச் சாதம், நாற்பது பேர். தேங்காய் மட்டும் பன்னிரண்டு வேண்டியிருக்கும்.

சமையல்காரர் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“எங்கம்மா எனக்குக் கட்டுனா. எம்புள்ளைக்கு நாந்தான் கட்டோணும். ஆள வெச்சு ஆக்கிக் கொண்டுபோனா அதுக்குப் பேரு கட்டுச்சோறா? கேட்டரிங்.”

ஜூன் 30 அன்று பணி ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருடம் நிருபர். மாநகராட்சி, நீதிமன்றம், மில் வேலைநிறுத்தங்கள். நாட்குறிப்பை இன்னும் அதே முறையில்தான் எழுதுகிறேன்: நடந்தது, சொன்னது யார், இன்னும் தெரியாதது எது. எந்தத் தகவலுக்கும் இரண்டு ஆதாரம்.

ஒரு ஃபுட் பிராசஸர் வாங்குவதென்று முடிவு செய்தேன். அது நறுக்கும், துருவும், மாவும் பிசையும். எதை வாங்குவது என்பது தெரியாது. விசாரிக்க வேண்டும். முப்பத்தெட்டு நாள் இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

வீட்டு மிக்சி பதினோரு வருடப் பழசு. அதன்மேல் மாட்டும் துருவல் பாத்திரம் தனியாகக் கிடைக்குமா என்று கம்பெனிக்குத் தொலைபேசியில் கேட்டேன். பதினான்கு நிமிடம் இசை கேட்டேன். அந்த மாடலை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது என்று ஒரு பெண் சொன்னார்.

அக்டோபர் 7, திங்கள்

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. தீபாவளித் தள்ளுபடித் தோரணம் இப்போதே கட்டியிருக்கிறார்கள். விற்பனையாளர் மூன்று வகை காட்டினார்.

முதலாவது சொம்பு அளவு. தலையை உள்ளங்கையால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். பொம்மை என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது, மிக்சியும் இதுவும் சேர்ந்தது. மூன்றாவதுதான் முழு இயந்திரம்: ஆயிரம் வாட்ஸ், மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும் பாத்திரம், ஆறு தட்டு. அதன் மூடியை வலப்பக்கம் திருகி, ‘டக்’ என்று பூட்டினால்தான் மோட்டார் ஓடும். பூட்டாமல் பொத்தானைத் தட்டினால் அசையாது. விரல் உள்ளே போக வழியே இல்லை. நல்ல பாதுகாப்பு.

விற்பனையாளர் என் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் கவர்மெண்டுங்களா? லேபர் ஆபீஸ்?”

“இல்லை. வீட்டுக்கு வாங்கத்தான்.”

“அப்ப அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார். அவங்க தொட்டுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும். நீங்க கேக்கறதப் பாத்தா நான் வக்கீல் வெச்சுக்கோணும் போல இருக்குது.”

முதலில் நான் விசாரித்து முடிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சாந்தாமணி எழுதிக் கொடுத்த மளிகைச் சிட்டையைக் கடைக்காரரால் படிக்க முடியவில்லை. நான் கண்ணாடி போட்டுப் படித்தேன். ‘துவரம்பருப்பு’ வழக்கமான அளவில் இருந்தது. கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போய் ‘கடுகு’ கடுகளவில் நின்றது. பேனாவில் மை தீர்ந்திருக்கும். புதுப் பேனா இரண்டு வாங்கினேன்.

அக்டோபர் 10, வியாழன்

சிங்காநல்லூரில் மிக்சி பழுது பார்க்கும் ஜெயசீலனைச் சந்தித்தேன். விற்பவரைவிடப் பழுது பார்ப்பவரே நல்ல ஆதாரம். முன்பு ஒரு தீ விபத்துச் செய்திக்காக அவரிடம் பேசியிருக்கிறேன். கடையில் பிரித்துப் போட்ட இயந்திரங்களுக்கு நடுவே எனக்கு ஸ்டூல் போட்டார்.

“மோட்டார் எரிஞ்சு வர்றது கம்மிங்க சார். நூத்துக்கு அறுவது மூடியிலதான் வரும். இந்தப் பல்லு ஒடைஞ்சிருக்கும், பாருங்க.”

“ஏன் உடைகிறது?”

“திரும்பலீன்னு அடிச்சுப் பூட்டுவாங்க. கொஞ்சம் பலமாத் திருகோணும். ஒரு கை பாத்திரத்தப் பிடிக்கோணும், ஒரு கை மூடியத் திருப்போணும். வயசானவங்களுக்கு முடியறதில்ல.”

பயன்படுத்துவோரின் தவறு என்று குறித்துக்கொண்டேன்.

“இன்னொண்ணு சார். தேங்காய ஓட்டுலருந்து நெம்பி எடுத்துத்தான் மிசின்ல போடோணும். பழுப்புத் தோலும் சேந்து துருவும். பால் வெள்ளையா வேணும்னா பழைய துருவிதான். யாரு ஓட்டப் போறாங்க, அம்மாங்களா?”

“ஆமாம். அவளுக்குக் கொஞ்சம் கை வலி.”

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாலையில் இருவரும் பூ மார்க்கெட் வரை நடந்தோம். போகும் வழியில் அவள் வலது செருப்பு மூன்று முறை கழன்றது. மூன்று முறையும் நான் குனிந்து எடுத்து வைத்தேன். செருப்பு பழையதில்லை, ஆடி மாதம் வாங்கியது.

இடது கை வீசி நடந்தாள். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது, அதில் ஒரு பை தொங்குவதுபோல. பை என் கையில் இருந்தது.

“தோள் வலிக்கிறதா? எத்தனை நாளாக? எழுந்ததும் அதிகமா, மாலையில் அதிகமா?”

“மல்லி வாங்கப் போறமா, பேட்டிக்கு வந்தமா? நடங்க.”

நடந்தேன்.

அக்டோபர் 16, புதன்

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. முன்னறையில் இருந்த எனக்குக் காந்தல் வாசனை வந்து ஓடினேன். அவள் அடுப்புக்கு நேராக நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். மூக்கடைப்பு என்றாள். சளியோ தும்மலோ இல்லை. ஆவி பிடிக்கச் சொன்னேன்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பத்மாவதியின் சமையலறைக்குப் போனேன். பத்மாவதி பள்ளி அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வாங்க நினைக்கும் அதே ஆயிரம் வாட்ஸ் இயந்திரம் அவரிடம் இருக்கிறது. எனக்காக இரண்டு கேரட் துருவிக் காட்டினார். பதினோரு விநாடி. சத்தம் அதிகம், ஆனால் துருவல் ஒரே சீர்.

“சாந்தாமணிகிட்டக் கேட்டீங்களாண்ணா, அவளுக்கு எது தோதுன்னு?”

“அவளுக்கு வாட்ஸ் பற்றியெல்லாம் தெரியாது.”

“வாட்ஸ் கெடக்குதுங்ணா. கைதானே…”

கேரட்டை டப்பாவில் போட்டு, பொரியலுக்கு ஆகும், எடுத்துப் போங்கள் என்றார். பேச்சு மாறிய இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டு முறை கடைக்குக் கிளம்பி, ஒருமுறை பேருந்து நிறுத்தத்திலிருந்தும் ஒருமுறை வாசல் கேட்டிலிருந்தும் திரும்பிவிட்டேன். “எங்கீங்க போயிட்டுப் போயிட்டு வர்றீங்க?” என்றாள். செருப்பைக் கழற்றி வைத்தேன்.

அக்டோபர் 19, சனி

வாங்கிவிட்டேன். ஆயிரம் வாட்ஸ், பூட்டு மூடி. ஆதாரங்கள்: ஜெயசீலன், பத்மாவதி, விற்பனையாளர், அறிமுகமில்லாத பதினெட்டுப் பேர் இணையத்தில் எழுதிய கருத்துகள்.

மாலை நான்கு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து ஓட்டிக் காட்டினார். வெங்காயம், முட்டைக்கோஸ், வெள்ளரி. சாந்தாமணி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

“நீங்க ஒருதடவ பூட்டிப் பாக்கறீங்களாம்மா?”

“கை எண்ணெயா இருக்குதுங்க. அப்பறம் பாத்துக்கறேன்.”

அவர் போன பிறகு, எப்படி இருக்கிறது என்றேன். “நல்லா இருக்குதுங்க. நம்ம கல்யாணத்துக்கு வந்த பீரோவாட்டம் கம்பீரமா இருக்குது” என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

நூலகத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். மேடையில் ஒரு டப்பா நிறையத் தேங்காய்த் துருவல். இயந்திரம் வேலை செய்கிறது. பால் வெள்ளைத் துருவல்; ஒரு பழுப்புத் துணுக்குகூட இல்லை. ஜெயசீலன் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் தவறு.

மின்கம்பியில் கம்பெனிக்காரர் சுற்றிப் போன பிளாஸ்டிக் கட்டு அப்படியே இருந்தது. சாந்தாமணி ஒழுங்கானவள். மறுபடியும் கட்டி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 25, வெள்ளி

மறுபடியும் துருவல். மறுபடியும் வெள்ளை. இயந்திரத்துக்குத் துணி உறை போட்டிருக்கிறாள். பத்மாவதி தைத்துக் கொடுத்தாராம்.

அக்டோபர் 27, ஞாயிறு

கிருத்திகா தொலைபேசியில் பேசினாள்.

“அப்பா, அம்மா குரல் ஏன் கம்முனு இருக்குது? வாய்க்குள்ளயே பேசுறாங்க. சண்டையா?”

“இல்லை கண்ணு. போனில் கோளாறு.”

வேறு போனில் பேசவைத்தேன். கிருத்திகா அதையேதான் சொன்னாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

நூலகத்தில் வெள்ளையடிப்பு. பத்தே காலுக்கே வீடு திரும்பினேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. சமையலறையில் துருவியின் சத்தம். பத்மாவதி பலகைமேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியில் சாந்தாமணி. வலது கையை மடியில் வைத்து அதன்மேல் இடது கையைப் போட்டு அழுத்தியிருந்தாள். இயந்திரம் உறைக்குள் இருந்தது.

பத்மாவதி, துருவுவதை நிறுத்தாமலேயே, “நாஞ்சொன்னேனல்ல சாந்தா, ஒருநாள் சீக்கிரம் வந்துருவாருன்னு” என்றார்.

“மிசின் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். முதலில் கேட்டது அதைத்தான். எழுதி வைக்கிறேன்.

“மூடி திரும்ப மாட்டேங்குதுங்க.”

உறையை எடுத்தேன். இடது கையால் பாத்திரத்தைப் பிடித்து, வலது கையால் திருகினேன். டக். சுலபமாகத்தான் இருந்தது.

“உங்களுக்குத் திரும்புது” என்றாள்.

மடியில் இருந்த கையை இப்போதுதான் மேலே எடுத்தாள். காற்றில் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டே இருந்தன, ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல. அவள் உருட்டவில்லை. அது தானாக நடந்தது.

பத்மாவதி எழுந்து, அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே தெருக்கோடி டாக்டரின் சீட்டு. தேதி செப்டம்பர் 24. ‘நரம்பியல் நிபுணரிடம் உடனே காட்டவும்.’ உடனே என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

“முப்பத்தஞ்சு நாள் ஆச்சு” என்றேன்.

“ஆச்சுங்க.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா உங்களால மூடி வெக்க முடியாது. கிருத்திகா போன்ல ஒரு வார்த்த கேட்டா ஆதியோட அந்தமாச் சொல்லிப் போடுவீங்க. முப்பத்திநாலு வருசம் அதானே பொழப்பு. புள்ள வயித்தோட இருக்குது. கட்டுச்சோறு முடியட்டும், அப்பறம் எல்லாத்தையும் பாத்துக்கலாம்னுதான் இருந்தேன். அது வரைக்கும் கை ஓடுனாப் போதும்னு கும்புட்டேன்.”

“பத்மாவதிக்குச் சொன்னாயே.”

“அவ கேட்டா. என்னடி கைன்னு கேட்டா. நீங்க ஊரெல்லாங் கேட்டீங்க.”

பத்மாவதி துருவியை மடக்கி வைத்துவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார்.

அக்டோபர் 30, புதன்

இந்த நாட்குறிப்பின் பழைய பக்கங்களைப் படித்தேன். எல்லாம் தேதியோடு இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். சாந்தாமணிக்குத் தலைக்கு நான் எண்ணெய் வைத்துவிட்டேன். குளித்து வந்தவள் முதுகைத் திருப்பி நின்று, “கொக்கி” என்றாள். நான்கு கொக்கி. இத்தனை நாளாக எப்படி மாட்டினாள் என்று கேட்கவில்லை. பிறகு கேட்டேன். “கதவச் சாத்திட்டு இருபது நிமிசம் ஆகுங்க” என்றாள்.

நவம்பர் 4, திங்கள்

நரம்பியல் நிபுணர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். ஐம்பது நிமிடம் எங்களுக்காக ஒதுக்கினார். விரல்களைத் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். காப்பித்தூள் புட்டியைத் திறந்து, கண்ணை மூடி முகரச் சொன்னார். சாந்தாமணி மூச்சை இழுத்து, “தண்ணிங்களா?” என்றாள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனதில் இருப்பதை ஒரு வரி எழுதச் சொன்னார். ‘ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கட்டுச்சோறு’ என்று எழுதினாள். ‘ஞா’ என் நகம் அளவு. கடைசி ‘று’ புள்ளி அளவு.

“இதெல்லாம் எப்பருந்துங்க?”

நான் சொன்னேன். அக்டோபர் 3, கை. 8, எழுத்து. 13, நடையும் செருப்பும். 16, வாசனை. 27, குரல்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். “தேதியோட சொல்றீங்க. நீங்களும் மெடிக்கல் லைனா?”

“நிருபர்.”

“இவ்வளவும் பாத்திருக்கீங்க. அப்புறம் ஏன் வர இத்தனை நாள்?”

சாந்தாமணி குறுக்கிட்டு, “மிசின் வாங்கிட்டிருந்தாருங்க” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். மருத்துவர்தான் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பார்க்கின்சன் என்ற சொல்லைச் சொன்னார். ‘இருக்கலாம்’ என்று சேர்த்தார். முழுவதும் குணமாகிற வியாதி இல்லை, மாத்திரையால் நெடுநாள் நன்றாக ஓட்டலாம் என்றார். மாத்திரையை இன்றே தொடங்க வேண்டும். ஆறு வாரத்தில் கை எவ்வளவு தேறுகிறது என்று பார்த்த பிறகே உறுதியாகச் சொல்வாராம்.

‘இருக்கலாம்’, ‘என்று தெரிகிறது’, ‘என்று கூறப்படுகிறது.’ இவற்றை ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். மறுமுனையில் உட்கார்ந்து படித்ததில்லை.

வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த மாத்திர வேல செய்யுங்களா?”

தெரியாது என்றேன்.

நவம்பர் 6, புதன்

கிராஸ்கட் ரோட்டுக் கடை. இந்த முறை அவளும் வந்தாள். விற்பனையாளர் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வரச் சொன்னேன். சார் என்னக் குறுக்கு விசாரணை பண்ணிட்டுப் போனாரு.”

அவள் விலை கேட்கவில்லை, வாட்ஸ் கேட்கவில்லை. வரிசையாக ஒவ்வொரு மூடியையும் தொட்டாள். திருகும் மூடி என்றால் தள்ளி வைத்தாள். கொக்கி போட்டு அழுத்தும் மூடியை இடது கையால் முயன்றாள், அதையும் தள்ளினாள். கடைசியில் அந்தச் சொம்பு அளவு இயந்திரம். தலைமேல் இடது உள்ளங்கையை வைத்து, அப்படியே உடம்பைச் சாய்த்தாள். ஓடியது. கையை எடுத்தாள். நின்றது. மறுபடியும் சாய்த்தாள்.

“இதானுங்க” என்றாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

“நாற்பது பேருக்குப் போதாதே. நான் அதைப் பொம்மை என்று எழுதி வைத்திருந்தேன்.”

“பெருசு கெடக்குதல்ல வீட்ல. அதுக்கு நீங்க பூட்டுங்க. இதுக்கு நானு.”

நவம்பர் 8, வெள்ளி

ஒத்திகை. இரண்டு தேங்காய். ஓட்டிலிருந்து நெம்பி எடுக்கத் திருப்புளி சரியாக வருகிறது. கை விரலில் ஒரு வெட்டு. என் விரல்.

நவம்பர் 10, ஞாயிறு

காலை நான்கரைக்கு அடுப்பு பற்றவைத்தோம். நானும் அவளும் மட்டும். பத்மாவதி எட்டு மணிக்கு வேனில் எங்களோடு ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.

“பூட்டுங்க” என்பாள், பூட்டுவேன். இடது கையால் பொத்தானைத் தட்டுவாள். “நிறுத்தியாச்சு, எடுங்க” என்பாள், எடுப்பேன். தட்டு மாற்றுவது, கழுவுவது, தேங்காய் நெம்புவது என் பொறுப்பு. புதினாவும் மிளகாயும் அவள் சின்ன இயந்திரத்தில். தாளிப்பும் உப்பும் முழுக்க அவள் கைதான். ஒருமுறை உப்பை நான் எடுக்கப் போனபோது கரண்டியால் தட்டினாள்.

“இத்தன வருசம் உங்க ஆபீசுல எத்தன எடிட்டர் இருந்தாங்க?”

“ஏழு பேர்.”

“இன்னிக்கி நான் எட்டாவது. சொன்னதச் செய்யுங்க. சொந்தமாச் சேக்காதீங்க.”

புளி, எலுமிச்சை, தேங்காய், எள், புதினா, தயிர், சர்க்கரை. ஏழும் ஏழே முக்காலுக்கு முடிந்தன. நெல்லிக்காய் அளவு சர்க்கரைச் சாதத்தை உருட்டி என் வாயில் வைத்தாள், இடது கையால். எங்கள் வீட்டில் இடது கையால் உணவு கொடுப்பதில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

உடுமலையில் பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. பந்தியில் சம்பந்தி அம்மாள் தேங்காய்ச் சாதத்தை விரலால் கிளறிப் பார்த்தார். “ஏனுங் சம்பந்தி, தேங்காயில பழுப்பு பழுப்பாக் கெடக்குது?”

“எங்க ஊட்டு மிசினுங்க. இவரு பூட்டுனாரு, நான் ஓட்டுனேன். பழுப்பு அவரு பங்கு” என்றாள் சாந்தாமணி. பந்தியே சிரித்தது.

அதன் பிறகு வளையல். தாய் முதலில் போட வேண்டும். கிருத்திகா இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாந்தாமணி தட்டிலிருந்து ஒரு கண்ணாடி வளையலை வலது கையால் எடுத்தாள். அது தட்டிலேயே விழுந்து கிணுகிணுத்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் வளையல் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் கையை மாற்றி, இடது கையால் எடுத்து, மகளின் விரல்களைக் குவித்து, மெதுவாக மணிக்கட்டுக்கு ஏற்றினாள். ஒன்பது வளையல். ஒன்றுகூட உடையவில்லை.

கிருத்திகா வளையலைப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அம்மா கைக்கு என்ன?”

சாந்தாமணி வாசலில் பத்மாவதியோடு பாத்திரங்களை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்த்தாள். மறுபடி எண்ண ஆரம்பித்தாள். ஆனால் எண்ணவில்லை, உதடு அசையவில்லை.

கேள்வி நேரடியானது. எனக்குப் பதில் தெரியும். ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வராது.

“அம்மாகிட்டக் கேளு கண்ணு.”

“உங்ககிட்டக் கேக்கறேன்.”

“எனக்குத் தெரியும். ஆனா அது அவ சொல்ல வேண்டியது. கேளு, அவ சொல்லுவா. எப்பங்கறது அவ முடிவு.”

“ஒருவார்த்த கேட்டா ஒம்பது வார்த்த சொல்லுவீங்களேப்பா” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அழைத்து வரும்போது வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வலது கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பல்லடம் வரும் வரை எடுக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கிருத்திகா வீட்டில் இருக்கிறாள். இரண்டு இயந்திரமும் மேடையில் இருக்கின்றன. உறையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். காலையில் கிருத்திகா பெரிய இயந்திரத்தின் மூடியைப் பூட்டப் போனபோது, “விடு, அது உங்கப்பா வேல” என்று சாந்தாமணி தடுத்தாள்.

மூடியின் பூட்டு பற்றிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஒரே கையால் பூட்டும்படி ஒரு மூடி செய்ய முடியாதா என்பது கேள்வி. பதினைந்து வேலை நாளுக்குள் பதில் தருவதாகத் தானியங்கிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது.

கிருத்திகாவிடம் எப்போது சொல்வாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்குப் போய்விட்டு வந்த பிறகு, குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவளே சொல்வாளாம். நான் கூட இருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

மருத்துவர் பார்க்கும் நாள் டிசம்பர் 16, திங்கள், காலை பதினொரு மணி. மாத்திரை வேலை செய்கிறதா என்பது அன்றுதான் உறுதியாகும். அது ஓர் ஆதாரம். இரண்டாவது ஆதாரம் வீட்டிலேயே இருக்கிறது. தினமும் காலையில் அவளிடமே கேட்பதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஏழே காலுக்குக் கேட்டேன், கை எப்படி இருக்கிறது என்று.

விரல்களை விரித்து, மடக்கி, கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“நேத்து மாதிரியேதானுங்க இருக்குது. நாளைக்கிக் கேளுங்க.”